சேப்பாக்கத்துப் பட்டம்: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் சென்னைப் பல்கலைக்கழகத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த இதழில் பகுதி முழுவதும் அதற்கே. மற்ற கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சீட் கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள் அவள்தான். சொந்தக்காரர்கள், "வெறும் மெட்ராஸ் யுனிவர்சிட்டி டிகிரிதானே, கடன் வாங்கியாவது இன்ஜினியரிங் சேர்த்திருக்கலாமே" என்கிறார்கள். இந்தப் பட்டத்துக்கு மதிப்பு இருக்கிறதா, இல்லையா? (கும்மிடிப்பூண்டியிலிருந்து ஓர் அம்மா)

பதில்: சேருங்கள் அம்மா, இன்னொரு முறை யோசிக்காதீர்கள். அந்த "வெறும்" என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. சி. வி. ராமன் 1904-ல் வாங்கிய பி.ஏ. இதே பல்கலைக்கழகத்தின் பட்டம்தான். 1930-ல் எஸ். சந்திரசேகர் வாங்கியதும் இதேதான். இருவரும் மெரினாவைப் பார்த்து நிற்கும் மாநிலக் கல்லூரியில் படித்தவர்கள், அதுவும் அரசுக் கல்லூரி. ஒருவருக்கு 1930-ல் நோபல், இன்னொருவருக்கு 1983-ல். அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. படித்த காலத்தில் அந்தக் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருந்தது.

ஆனால் பெரிய பெயர்களைச் சொல்லி உங்களைத் தேற்ற நான் விரும்பவில்லை. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் பகலெல்லாம் பாரிமுனையில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதிவிட்டு, சாயங்காலம் ஈவினிங் காலேஜில் பி.காம். படித்தேன். எங்கள் வகுப்பில் ஐம்பத்து சொச்சம் பேர். பிரஸ்ஸில் அச்சுக் கோத்தவர், துறைமுகத்தில் சுமை தூக்கியவரின் பிள்ளை, கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிவிட்டு நேராக வகுப்புக்கு வந்து உட்காருகிறவர், இப்படித்தான். யார் வீட்டிலும் அதுவரை பட்டம் கிடையாது. இன்று அதில் ஒருவர் வங்கி மேலாளராக ஓய்வு பெற்றிருக்கிறார், இரண்டு பேர் பள்ளித் தலைமை ஆசிரியர்கள், என் பிழைப்பு எழுத்து. அந்த ஒரு வகுப்பு ஐம்பது குடும்பங்களின் நிலைமையை மாற்றியது. பல்கலைக்கழகங்களுக்குத் தரவரிசை போடுகிறார்களே, அதில் இந்தக் கணக்குக்கு எங்கேயும் கட்டம் இல்லை.

மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, கல்லூரி அலுவலகத்திலேயே விண்ணப்பம் வாங்கிக் கொடுப்பார்கள். மூன்று வருடம் கழித்து எம்.எஸ்சி. படிக்க நினைத்தால் கிண்டி வளாகத்தில் வேதியியலுக்கென்றே தனித்தனித் துறைகள் இருக்கின்றன. பி.எஸ்சி. முடித்தவர்கள் ஐ.ஐ.டி.யில் முதுகலை சேர ஜாம் என்று ஒரு நுழைவுத் தேர்வும் இருக்கிறது. இதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லுங்கள், முக்கியமாக மகளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்தார் என்று எங்கள் அப்பப்பா சொல்லுவார். ஊர்ப் பெருமைக்குச் சொன்னதா, உண்மையா? (டொரொண்டோவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அப்பப்பா சொன்னது முழு உண்மை. 1839-லேயே சென்னையில் சுமார் 70,000 பேர் கையெழுத்துப் போட்டு, எங்களுக்கு உயர்கல்விக்கு ஏற்பாடு வேண்டும் என்று ஆளுநரிடம் மனுக் கொடுத்தார்கள். (அந்தக் காலத்தில் 70,000 கையெழுத்து வாங்க எத்தனை தெருக்கள் நடந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்!) பல்கலைக்கழகச் சட்டம் வந்தது 1857 செப்டம்பர் 5-ல். அதே வருடம்தான் கல்கத்தாவும் பம்பாயும். லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தது என்பதால் தொடக்கத்தில் இங்கே பாடம் நடத்துகிற வேலையே கிடையாது, தேர்வு வைப்பதும் பட்டம் கொடுப்பதும்தான்.

முதல் பி.ஏ. தேர்வில் தேறி 1858-ல் பட்டதாரிகளானவர்கள் இரண்டு பேர், சி. வை. தாமோதரம் பிள்ளையும் காரல் விசுவநாத பிள்ளையும். தாமோதரம் பிள்ளை 1832-ல் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்தவர், வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர். விசுவநாத பிள்ளை அங்கே ஆசிரியராக இருந்தவர். பாடம் சொல்லிக்கொடுத்த தலைமுறையும் படித்த தலைமுறையும் ஒரே தேர்வில் உட்கார்ந்து சேர்ந்து தேறியிருக்கிறது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

பட்டத்தைத் தாமோதரம் பிள்ளை என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். வக்கீலானார், நீதிபதியானார். ஆனால் வாழ்நாள் உழைப்பெல்லாம் ஓலைச்சுவடியில் போனது. 1881-ல் வீரசோழியம், 1885-ல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-ல் கலித்தொகை என்று வரிசையாக அச்சில் கொண்டுவந்தார். ஏட்டை எடுத்தால் ஓரம் உதிர்கிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது என்று அவர் பதிப்புரையில் வருந்தி எழுதியிருப்பதைப் படித்தால் இன்றைக்கும் மனசு பதறும். நாம் இன்று கலித்தொகையைப் புத்தகமாகப் புரட்டுகிறோம் என்றால் அந்த முதல் பட்டதாரிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

கேள்வி: கணித மேதை ராமானுஜன், அந்தக் காலத்தில் பி.ஏ.வுக்கு முன்னால் எழுத வேண்டியிருந்த எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர். பட்டமே கொடுக்காத பல்கலைக்கழகம் அவரைத் தன் மாணவர் என்று சொல்லிக்கொள்வது நியாயமா? (ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: நியாயமான கோபம் ஐயா. உங்கள் ஊர்க் கல்லூரியில் ஆங்கிலத்தில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தார், பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எழுதியபோதும் தேறவில்லை. கணக்கைத் தவிர எதிலும் மனசு போகாத ஒரு பையனுக்கு அந்தப் பாடத்திட்டத்தில் இடமே இல்லை. அந்தத் தவறு தவறுதான், அதை யாரும் பூசி மெழுக வேண்டாம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1912 மார்ச்சில் அவர் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார். அடுத்த வருடம் கேம்பிரிட்ஜிலிருந்து கணித அறிஞர் ஹார்டியின் கடிதம் வந்தது. வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் அவருடைய நோட்டுப் புத்தகங்களைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவித்தொகை இருந்தது, ஆனால் முதுகலை முடித்தவர்களுக்குத்தான் என்று விதி. இவரோ எஃப்.ஏ.கூடத் தாண்டாதவர். அப்போது பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் குழுவான சிண்டிகேட்டில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? விதியைக் காட்டிக் கையை விரிக்கவில்லை. ஆராய்ச்சியை வளர்க்கத்தானே பல்கலைக்கழகச் சட்டமே இருக்கிறது என்ற வாதத்தை ஏற்றுக்கொண்டார்கள். 1913 மே முதல் மாதம் 75 ரூபாய், இரண்டு வருடத்துக்கு. பதிலுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன செய்தேன் என்று ஓர் அறிக்கை கொடுத்தால் போதும். துறைமுகச் சம்பளத்தைவிட இரண்டரை மடங்கு, வேலை கணக்குப் போடுவது மட்டும். அடுத்த மார்ச்சில் கப்பல் ஏறினார், அதற்கும் வருடத்துக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது இதே பல்கலைக்கழகம்தான். 1918-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

ஆக, பட்டம் கொடுக்கவில்லை என்பது உண்மை. சோறு போட்டு, விதியை வளைத்து, நேரம் கொடுத்தது என்பதும் உண்மை. என்னைக் கேட்டால் இந்தப் பல்கலைக்கழகத்தின் 160 ஆண்டுக்கு மேலான வரலாற்றில் கௌரவமான தருணம் அந்தக் கூட்டம்தான். இன்றைக்கு ஒரு பையன், அரியரோடு, கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றால் எந்த அலுவலகம் அவனை உட்காரச் சொல்லும்? எனக்கு அந்தக் கவலை உண்டு.

கேள்வி: பட்டச் சான்றிதழில் "அவன்" என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு "அவள்" என்று எழுதிக் கொடுத்தார்களாமே, அது யாருக்கு? (சேலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பதில்: அ. லலிதா. கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் படித்தவர். அந்தக் கல்லூரி அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது, அண்ணா பல்கலைக்கழகம் 1978-ல்தான் வந்தது. பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் சில மாதக் குழந்தை. அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் பேராசிரியர். முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசி மகளைச் சேர்த்தார். ஆண்கள் மட்டுமே படித்த இடத்தில் தனியாக ஒரு பெண் என்னவென்று இருப்பாள் என்று கல்லூரியே விளம்பரம் கொடுத்து மேலும் பெண்களைத் தேடியது, லீலம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா இருவரும் சிவில் படிப்பில் சேர்ந்தார்கள். சான்றிதழ்த் தாள் ஆண்களுக்கென்றே அச்சடித்து வைத்திருந்தது, ஆங்கிலத்தில் "ஹி" என்று. அதைப் பேனாவால் அடித்து "ஷி" ஆக்கிக் கொடுத்தார்கள். லலிதா பிற்பாடு பக்ரா நங்கல் அணையின் மின்சாரம் சார்ந்த வேலைகளில் இருந்தார், 1964-ல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர் மாநாட்டுக்குப் போனார். திரேசியா கேரளத்தின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். அச்சடித்த தாளை மாற்றுவதற்கு முன்பே ஆள் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

கேள்வி: ராமன், சந்திரசேகர் எல்லாம் இங்கே படித்துவிட்டு வேறு ஊரில் சாதித்தவர்கள். பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே, இங்கேயே நடந்த பெரிய ஆராய்ச்சி என்று ஒன்றைச் சொல்ல முடியுமா? (வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து பத்து நிமிடத்தில் போய்விடலாம், கிண்டி வளாகம்! 1952-ல் அங்கே இயற்பியல் துறையைத் தொடங்க ஆள் தேடினார் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார். 1942 முதல் 1969 வரை, 27 வருடம் துணைவேந்தராக இருந்தவர் அவர். ராமனைத்தான் முதலில் கேட்டார். ராமன் தான் வரவில்லை என்று சொல்லி, தன் மாணவர் ஜி. என். ராமச்சந்திரனைச் சொன்னார். முப்பது வயதை ஒட்டிய ஓர் இளைஞர் துறைத் தலைவராக வந்து சேர்ந்தார்.

அந்த வருடமே ஜே. டி. பெர்னல் என்ற விஞ்ஞானி சென்னைக்கு வந்தபோது, கொலாஜனின் வடிவம் இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். கொலாஜன் என்றால் நம் தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றையும் கட்டிப் பிடித்திருக்கும் புரதம். சோதிக்க மாதிரி வேண்டுமே, பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து கிடைத்தது கங்காரு வாலின் தசைநாண். அதை எக்ஸ்ரே படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கணக்குப் போட்டு, மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட வடிவம் அது என்று கண்டுபிடித்தார். 1954-லும் 1955-லும் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியானது. பெண்களின் மூன்றுபிரிச் சடையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட பிடிபட்டுவிடும்.

வெளிநாட்டில் சிலர் அணுக்கள் அவ்வளவு நெருக்கமாக நிற்க முடியாது என்று எதிர்த்தார்கள். சரி, எவ்வளவு நெருங்கலாம் என்பதையே அளந்துவிடுவோம் என்று உட்கார்ந்தார். புரதம் என்பது மணிகள் கோத்த சங்கிலி மாதிரி. ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடத்தில் திரும்பும். எந்தக் கோணத்தில் திரும்பினால் அணுவும் அணுவும் முட்டிக்கொள்ளும், எந்தக் கோணத்தில் முட்டாது என்று வி. சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன் ஆகிய இருவரோடு சேர்ந்து போட்டுப் பார்த்தார். கணினி கிடையாது, மேசைமேல் வைத்துச் சுற்றும் கால்குலேட்டர்தான். 1963-ல் அது ஒரே ஒரு படமாக வந்தது. ராமச்சந்திரன் வரைபடம் என்று உலகமே அதைச் சொல்கிறது. இன்றைக்கு எந்த நாட்டில் யார் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும் அது சரியா என்று சோதிக்க இந்தப் படத்தில் புள்ளி வைத்துப் பார்க்கிறார்கள். உயிர்வேதியியல் பாடப்புத்தகம் எதை எடுத்தாலும் அந்தப் படம் இருக்கும். அதை வரைந்த ஊர் சென்னை, வரைந்த இடம் கிண்டி என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வளாகத்தைத் தாண்டி தினமும் பஸ்ஸில் போகிறவர்களுக்கே தெரியாது. எனக்கும் நாற்பது வயது வரை தெரியாது.

கேள்வி: தமிழுக்கு இந்தப் பல்கலைக்கழகம் என்ன செய்தது? (மதுரை)

பதில்: சுருக்கமாகக் கேட்டிருக்கிறீர்கள், நானும் சுருக்கமாகவே சொல்கிறேன். தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி. 1913-ல் சாண்ட்லர் என்ற பாதிரியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராக வைத்துத் தொடங்கிய வேலை. 1926-லிருந்து எஸ். வையாபுரிப் பிள்ளை பொறுப்பேற்று 1936-க்குள் ஆறு தொகுதிகளை முடித்தார், 1939-ல் பிற்சேர்க்கை ஒரு தொகுதி. ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள், அவற்றில் பலவும் எந்த நூலில் வருகிறது என்ற மேற்கோளோடு. இன்றும் சங்கப் பாட்டில் ஒரு சொல் புரியவில்லை என்றால் நான் முதலில் திறப்பது இதைத்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் காசில்லாமல் தேடலாம். அப்புறம் அ. சிதம்பரநாதன் செட்டியார் பதிப்பித்த ஆங்கிலம்-தமிழ் அகராதி. மொழிபெயர்ப்பாளர்கள் வீட்டில் அட்டை கிழிந்த நிலையில் ஒன்று கட்டாயம் இருக்கும்.

உங்கள் ஊர்த் துணைவேந்தராக இருந்த மு. வரதராசனாரும் இந்தப் பல்கலைக்கழகத்துக்காரர்தான். திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்துகொண்டு, உடல்நிலை சரியில்லாமல் வேலையை விட்டு, தானாகவே படித்து 1935-ல் தமிழ்ப் புலமைக்கான வித்துவான் தேர்வு எழுதினார். 1948-ல் முனைவர் பட்டம். வெளியிலிருந்து எழுதுகிறவருக்கும் தேர்வு மண்டபத்தில் நாற்காலி போடுகிற வழக்கம் இருந்ததால்தான் அந்த எழுத்தர் நமக்கு மு.வ.வாகக் கிடைத்தார்.

கேள்வி: பழம்பெருமை எல்லாம் சரி. இன்றைய நிலைமை என்ன? கணக்கையே முடக்கினார்களே? (பெயர் வேண்டாம், சென்னை)

பதில்: மறைக்க ஒன்றுமில்லை. 2024-ல் வருமான வரித் துறை 424 கோடி ரூபாய் பாக்கி என்று சொல்லி வங்கிக் கணக்குகளை முடக்கியது. 2023 ஆகஸ்டில் துணைவேந்தர் பதவிக்காலம் முடிந்த பிறகு வெகுகாலம் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. ஆசிரியர் இடங்கள் நிரப்பப்படாமல் துறைகள் தள்ளாடுகின்றன.

காரணத்தில் ஒரு பகுதி வரலாற்றிலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் தென்னிந்தியா முழுவதும் இதன் கீழ் இருந்தது. 1916-ல் மைசூர், 1926-ல் ஆந்திரம், 1929-ல் அண்ணாமலை, 1937-ல் திருவிதாங்கூர், அப்புறம் மதுரை, அண்ணா, பாரதியார், பாரதிதாசன் என்று ஒவ்வொன்றாகத் தனிக்குடித்தனம் போயின. தாய்வீட்டுக்கு இன்று மிஞ்சியது சென்னையும் அதை ஒட்டிய மாவட்டங்களும்தான். அதனால் தேர்வுக் கட்டணமும் கல்லூரிகள் கட்டும் இணைப்புக் கட்டணமும் குறைந்தன, ஓய்வூதியப் பொறுப்போ ஏறிக்கொண்டே போகிறது. கட்டணத்தை ஏற்றிச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், நான் கடுமையாக எதிர்க்கிறேன். 2021-22 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கல்லூரி வயதுப் பிள்ளைகளில் 47 சதவீதம் உயர்கல்வியில் இருந்தார்கள், நாட்டின் சராசரி 28.4. வியாசர்பாடியிலிருந்தும் பொன்னேரியிலிருந்தும் குறைந்த கட்டணத்தில் படிக்க முடிவதால் வந்த எண் அது. அந்தப் பிள்ளைகளின் பையிலிருந்து எடுத்துப் பற்றாக்குறையை அடைக்கக் கூடாது, அரசுதான் கொடுக்க வேண்டும். கேட்க வேண்டியவர்கள் இங்கே படித்து மேலே வந்த நாம். நான் கேட்டு எழுதியிருக்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.

கேள்வி: 1999-ல் பி.ஏ. படித்தேன். இரண்டு பேப்பர் அரியர். கல்யாணம், குழந்தைகள் என்று அப்படியே விட்டுவிட்டேன். இப்போது 46 வயது. என் பையன், "முடிச்சிடும்மா" என்கிறான். வழி இருக்கிறதா? (திருவொற்றியூர் வாசகி)

பதில்: பையன் சொல்வதைக் கேளுங்கள். பழைய அரியர்காரர்களுக்கு அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு என்று அறிவிப்பு வரும். அது இப்போது இருக்கிறதா, உங்கள் வருடத்துப் பாடத்திட்டத்துக்குப் பதிலாக எந்தப் பேப்பர் எழுத வேண்டும் என்பதைச் சேப்பாக்கத்தில் தேர்வுப் பிரிவில் நேரில் கேட்டால்தான் தெளிவாகும். போனில் கேட்டு அலையாதீர்கள். அந்த வழி அடைத்திருந்தால் தொலைதூரக் கல்வி நிறுவனம் இருக்கிறது, 1981-லிருந்து நடக்கிறது, நம் ஊரில் "கரஸ்" என்பார்களே அதுதான். மறுபடி முதலிலிருந்து மூன்று வருடம் என்று மலைக்க வேண்டாம், என்னோடு ஈவினிங் காலேஜில் படித்தவர் ஒருவர் தன் கடைசிப் பேப்பரை 52 வயதில் பாஸ் பண்ணினார், அன்று எங்கள் எல்லோருக்கும் பாதாம் அல்வா வாங்கிக் கொடுத்தார்.

காலையில் பத்து மணிக்கே போய்விடுங்கள். பிளஸ் டூ மார்க் ஷீட், கல்லூரியில் வாங்கிய மார்க் ஷீட்கள், ஆதார், எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ். பெயரில் இனிஷியல் மாறியிருந்தால் அதற்கான ஆதாரமும் வேண்டும். அந்தப் பழைய ஹால் டிக்கெட் பீரோவில் எங்கேயாவது கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள், அதிலிருக்கும் பதிவெண்ணைத்தான் கவுன்டரில் கேட்பார்கள்.